பத்தனையும் தலாவையும்: பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் புல்வெளிகளும் அவற்றின் பறவைகளும்

மலையகத்து இடப்பெயர்களை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு ஆராயும் முயற்சி நம்மிடையே இன்னும் போதிய அளவு நிகழவில்லை. துரைமார் தம் தாயகத்து நினைவாற் சூட்டிய தோட்டப் பெயர்களும், அவற்றுக்கு மாற்றாகத் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர்களும் அவ்வப்போது பேசப்பட்டுள்ளன. இவ்விரண்டுக்கும் முற்பட்ட சிங்களப் பெயர்களோ தமிழ் நாவிற் பயின்று, பொருள் மறைந்து, வெறும் ஒலிக்குறிகளாய் நின்றுவிட்டன. பொகவந்தலாவை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை, பத்தனை, போபத்தலாவை, நுவரெலியா என்னும் பெயர்களை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். இவற்றுள் ஒன்றேனும் தேயிலையைக் குறிப்பதன்று. ‘தலாவ’ என்பது பரந்த வெளி. மரம் அருகிப் புல் மலிந்த நிலம். ‘பத்தன’ என்பது மலைப் புல்வெளி. ‘எலிய’ என்பது ஒளியையும், காடு சூழ நடுவே திறந்து கிடக்கும் வெளியையும் ஒருங்கே குறிப்பது. ஹோர்ட்டன் சமவெளிக்கு அப்பெயர் 1830களில் ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனை முன்னிட்டு வழங்கலாயிற்று. அதற்கு முன் அது ‘மகா எலிய’, அதாவது பெருவெளி. பொகவந்தலாவை என்பதன் முற்பகுதியின் பொருளாராய்ச்சி இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று. பிற்பகுதியே நமக்குச் சான்று.

ஓர் இடப்பெயர் தனித்து நின்று எதனையும் நிறுவாது. ஆயின், ஒரே மலைத்தொகுதியில் அடுத்தடுத்து இத்தனை பெயர்கள் புல்நிலத்தைச் சுட்டி நிற்பது தற்செயலாகாது. பெருந்தோட்டங்களின் வரலாறு இதுகாறும் காடழிந்த வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காடு அழிந்தது உண்மை. அதனை மறுப்பார் இலர். ஆனால் காட்டோடு கூடவே, காட்டினும் அமைதியாக, புல்வெளியும் அழிந்தது. அவ்வழிவுக்கு இரங்குவார் இல்லாமற் போனமைக்குக் காரணம், அந்நிலத்துக்கு ஆட்சியாளர் இட்ட பெயர் ‘தரிசு’ என்பதே. இச்செய்தியை எடுத்துரைப்பதும், புல்நிலப் பறவைகளை அதற்குச் சான்றாக நிறுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவையைச் சான்றாகக் கொள்வது நமக்குப் புதிதன்று. திணைக்குரிய கருப்பொருள்களுள் ‘புள்’ என்பதனையும் தொல்காப்பியர் வைத்து எண்ணினார். தெய்வமும் உணவும் தொழிலும் போலவே, பறவையும் ஒரு நிலத்தை இன்ன நிலமென அறிவிக்கும் என்பது பண்டைத் தமிழர் கொண்ட முறை. இன்றைய உயிர்ச்சூழலியலார் சில பறவைகளைச் சுட்டு இனங்கள் எனக் கொள்வதும் ஏறத்தாழ இதே எண்ணத்தின்பாற்படும். நம் திணை இலக்கணத்தைக் குன்றேறிய தமிழரின் புதிய நிலத்துக்குப் பொருத்திப் பார்த்தோர் உளர். ஆனால் அந்நிலத்தின் புள் எது என்று கேட்டோர் மிகச் சிலரே.

பத்தனைகள் எவ்வாறு தோன்றின என்பது நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கு. தாவரவியலாளர் எச். எச். டபிள்யு. பியர்சன் 1899இல் இலங்கைப் பத்தனைகளைப் பற்றி விரிவாக எழுதி, ஈரப் பத்தனை, உலர் பத்தனை என இருவகைப்படுத்தினார். ஊவாப் பக்கத்து உலர் பத்தனைகளில் மானாப்புல் மிகுதி. ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்ந்த, மழை மிகுந்த இடங்களில் வேறு புல்லினங்கள் அடர்ந்து, இடையிடையே செம்பூப் பூக்கும் ரோடோடென்ட்ரன் மரங்கள் நிற்கும். மண்ணே காரணம் என்றனர் ஒரு சாரார். காலநிலை என்றனர் மற்றொரு சாரார். மனிதன் இட்ட தீயே என்பர் வேறு சிலர். ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்புப் படிவுகளைத் துளைத்தெடுத்து, அவற்றிலடங்கிய மகரந்தத்தை ஆராய்ந்து 2003இல் வெளியிடப்பட்ட முடிவுகள் ஏறத்தாழ 24,000 ஆண்டுக் காலத்தைத் தழுவுவன. பனியூழிக் காலத்தின் குளிரும் வறட்சியும் நிலவிய நாளில் அங்கே புல்நிலம் விரிந்து கிடந்ததென்பது அவற்றாற் புலனாகிறது. ஆகவே எல்லாப் பத்தனைகளும் அண்மைக்காலத்துச் சேனைப் பயிர்ச்செய்கையாற் காடழிந்து தோன்றியவை என்னும் கூற்று நிலைபெறாது. தீயும் மேய்ச்சலும் அவற்றை விரித்திருக்கலாம்; காத்துமிருக்கலாம். தோற்றுவித்தது அவை மட்டுமல்ல.

இனி, பிரித்தானியர் வருகைக்குப் பிற்பட்ட நிலையை நோக்குவோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகியவற்றை முடிக்குரியன என ஊகித்துக்கொள்ள இடமளித்தது. 1897ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டம் அதனை மேலும் இறுக்கிற்று. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் மாடு மேய்த்தும், கூரைக்குப் புல் அறுத்தும், இடைக்கிடை சேனை செய்தும் பயன்கொண்ட வெளிகள் இச்சொல்லொன்றால் உரிமையற்ற நிலங்களாயின. அந்நிலத்திற் பின்னர் உழைக்கக் கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் இப்பறிப்பிற் பங்குடையவரல்லர்; அதன் பயனையும் அவர் பெற்றிலர். 1948இல் அவர்தம் குடியுரிமையே பறிக்கப்பட்டது. நிலத்தைத் ‘தரிசு’ என்றும் மனிதரை ‘கூலி’ என்றும் பெயரிட்டு எண்ணும் கணக்கு ஒன்றே என்பது என் கருத்து.

எனினும், கோப்பிக் காலத்திற் பத்தனைகள் உடனே அழிந்தன என்று கொள்ளல் பிழை. காட்டு மண்ணின் மக்கே கோப்பிக்கு உகந்தது, பத்தனை மண் புளிப்பும் வறுமையும் உடையது என்பது அன்றைய தோட்டக்காரர் நம்பிக்கை. எனவே கோடரி முதலிற் காட்டின்மேலேயே வீழ்ந்தது. டிம்புல, டிக்கோயாப் பகுதிகள் 1860களிலும் 1870களிலும் விரைந்து திறக்கப்பட்டன. 1870களின் இறுதியில் இலங்கையின் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கர். அப்போது பத்தனை தோட்டத்துக்குத் துணைநிலமாய் விளங்கிற்று. எருவுக்கென வளர்த்த மாடுகள் அதில் மேய்ந்தன. லயங்களின் கூரைக்கும் தொழுவத்தின் படுக்கைக்கும் மானா அங்கிருந்தே வந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியபின், 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தூரையிற் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைக் கொண்டது. கோப்பியினும் உயரத்தில், கோப்பி விரும்பாத மண்ணிலும் தேயிலை வளரும். பத்தனையின் விளிம்புகள் கரையத் தொடங்கியது இக்கட்டத்திலேதான்.

இங்கே கவனிக்கத்தக்க மற்றொன்றுண்டு. கியூத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடவேண்டுமென 1873இல் அறிவுறுத்தினார். நீரூற்றுகளைக் காப்பதற்கு அது பெரிதும் உதவிற்று. சிவனொளிபாதமலைச் சாரலில் இன்றும் காடு நிற்பதற்கு அவ்வழிவந்த கொள்கையும் ஒரு காரணம். ஆனால் அவ்வறிவுரை காட்டுக்கே உரியது. புல்வெளிக்கு அவ்வகைக் காவல் எதுவும் கிட்டவில்லை. மாறாக, ‘மரமில்லாத குறையை’ நீக்குவதே நற்செயலெனக் கருதப்பட்டது. புகையிரதத்துக்கும் தேயிலை ஆலைகளுக்கும் விறகு வேண்டிப் பத்தனைகளில் யூக்கலிப்டஸும் அக்கேசியாவும் நடப்பட்டன. 1970களிற் பைனஸ் மரங்கள் பரவின. 1960களில் ஹோர்ட்டன் சமவெளியிலேயே விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. அம்பேவெலப் பக்கத்துப் பண்ணைகளில் நாட்டுப்புல் நீங்கி, பிறநாட்டு மேய்ச்சற்புல் இடம்பெற்றது. பார்வைக்கு அதுவும் பச்சைதான். பறவை அவ்வாறு கருதுவதில்லை.

இனிப் பறவைகளைப் பற்றிக் கூறலாம்.

இலங்கைப் பறவையியலின் அடிப்படை நூலை எழுதிய வின்சென்ட் லெக் 1868 முதல் 1877 வரை இங்குப் பணிபுரிந்த பீரங்கிப் படை அலுவலர். அவருடைய பெருநூல் 1878க்கும் 1880க்கும் இடையில் வெளிவந்தது. கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்த அந்தத் தறுவாயிலேயே மலைநாட்டுப் பறவைகள் முறையாகப் பதியப்பட்டமை ஆய்வாளருக்கு ஒரு பேறு. பின்னர் வந்த ஜி. எம். ஹென்றி 1891இல் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். அவருடைய வழிகாட்டி நூல் 1955இல் வெளியாயிற்று. தேயிலைக்குள் வாழும் பறவையை அறிய விரும்புவோர்க்கு இன்றும் அது பயன்படும். பொகவந்தலாவையைப் பற்றி நூல்களிலே தேடுவார்க்கு முதலில் அகப்படுவது, 1879இல் மறைந்து அங்குள்ள சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரனின் கல்லறைதான். அப்பள்ளத்தாக்கின் புல்லையும் புள்ளையும் தேடுவார்க்கு லெக்கும் ஹென்றியுமே துணை.

மலைப் புல்வெளிக்குரிய சிறு பறவைகளுள் மூன்றினை எடுத்துக்கொள்வோம். முதலாவது கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு. ஆண் பளபளக்கும் கருநிறம். சிறகிலும் வாலடியிலும் வெண்மை. பெண் மங்கிய கபிலம். இலங்கையில் இது மலைநாட்டுக்கே உரியது. இங்குள்ள கிளையினத்துக்கு 1851இல் எட்வர்ட் பிளைத் ‘ஆட்ராட்டஸ்’ எனப் பெயரிட்டார். உலகில் வேறெங்கும் அக்கிளையினம் இல்லை. இரண்டாவது வயல் நெட்டைக்காலி. புழுதி நிறத்தது, தரையில் ஓடியோடி இரை தேடுவது. மூன்றாவது விசிறிவால் கதிர்க்குருவி; கட்டைவிரலளவே இருக்கும் இப்பறவை, புல்லின்மேல் வளைந்து வளைந்து பறந்து ‘சிட் சிட்’ எனக் குரலெழுப்பும். மூன்றும் ஒரே புல்வெளியில் வாழ்வன. ஆனால் அவை அவ்வெளியிடம் வேண்டுவன வேறு வேறு.

புதர்ச்சிட்டுக்கு வேண்டியவை மூன்று: இருந்து நோக்க ஒரு தாழ்ந்த கொம்பு, இறங்கிப் பூச்சி பிடிக்கத் திறந்த தரை, கூடு வைக்க மண்சரிவில் ஒரு பொந்து. நெட்டைக்காலிக்குக் குட்டையான புல்லும், கூட்டை மறைக்க ஒரு புற்கற்றையும் போதும். கதிர்க்குருவியோ நிமிர்ந்து நிற்கும் நெடும்புல்லின்றி வாழாது. புல்லிதழ்களைச் சிலந்தி நூலாற் பிணைத்துப் பைபோற் கூடு செய்வது அது. கூடு முற்றிக் குஞ்சு பறக்குமட்டும் சில வாரங்கள் அப்புல் அறுபடாது நிற்றல் வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு தேயிலையை நோக்கினால், வரலாறு தெளிவாகும்.

தேயிலை இயல்பில் மரமாக வளர்வது. கொழுந்து பறிப்பதற்காக அதனை இடுப்பளவில் மட்டமாக நிறுத்துகிறோம். மேலே மேசை போன்ற பச்சைப் பரப்பு. கீழே இருளும் வெறுந்தரையும். இது காடுமன்று, புல்லுமன்று. ஆனால் சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வருகிறது. உயர்ந்த மலைகளில் இவ்விடைவெளி நான்கைந்து ஆண்டாவதுண்டு. கவ்வாத்து வெட்டிய மலை சில மாதங்களுக்கு வெளிச்சம் பாய்ந்த வெளியாகிவிடுகிறது. எங்கும் குறுங்கொம்புகள், இடையே திறந்த மண், புதிதாய் எழும் பூண்டுகள், அவற்றை நாடும் பூச்சிகள். புதர்ச்சிட்டுக்கு இது வீடு வந்து சேர்ந்தது போல. கான் வெட்டிய மண்சுவரும், தோட்டப் பாதைக்காகச் சீவிய மேட்டுச் சரிவும் அதற்குப் பொந்தும் தருகின்றன. கவ்வாத்து ஆட்கள் மலையை விட்டு இறங்கிய சில நாளில் அக்கருஞ்சிட்டு கொம்பிலிருந்து வாலை ஆட்டிக்கொண்டிருப்பதைத் தோட்டத்திற் பிறந்தவர் பலர் கண்டிருப்பர். பெயர் கேட்டால் ‘கருங்குருவி’ என்பதோடு நிறுத்திக்கொள்வர், அதுவும் போதும். தேயிலையோடு ஒத்துப்போன புல்நிலப் பறவை இதுவே. இது ஒத்துப்போனதற்குக் காரணம் தேயிலையின் கருணையன்று, கவ்வாத்தின் கால ஒழுங்கே.

நெட்டைக்காலிக்கு இத்துணை வாய்ப்பில்லை. எனினும் லயத்தை அடுத்த விளையாட்டுத் திடல், கோயில் வெளி, ஆற்றோரம், மாடு மேயும் மேட்டுப்புறம் ஆகியன அதற்கு இடமளிக்கின்றன. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் முடிக்கப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கத்தில், கோடையில் நீர் இறங்கும்போது கரையோரம் புல் முளைக்கிறது. நீருக்கடியிற் போன வெளியின் ஒரு துண்டு ஆண்டுதோறும் சில கிழமைகள் மீண்டு வருவது போன்ற காட்சி அது. கதிர்க்குருவிக்குத் தேயிலைக்குள் இடமே இல்லை. அது பற்றிக்கொண்டிருப்பவை ஓடையோர நாணலும், சதுப்பும், கைவிடப்பட்ட மலைகளில் எழும் மானாவுமே.

சிறு பறவையைவிடப் பெருவெளி வேண்டுவனவற்றின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஊவாவின் கிழக்குப் பத்தனைகளுக்குரிய வண்ணக் கௌதாரியின் இலங்கைக் கிளையினத்தை ‘வட்சனி’ என 1880இல் லெக் பெயரிட்டு வெளியிட்டார். பொகவந்தலாவைக்கு அது உரியதன்று. ஆயினும் ஒப்புநோக்கத் தகுவது. துண்டு துண்டான புல்லில் அது வாழாது. இன்று மிக அரிதாகவே காணப்படுகிறது. இதற்கு மாறாக, கருந்தோள் பருந்து ஒன்று தேயிலை மலைக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று எலியை நோக்குவதை இப்பள்ளத்தாக்கில் இன்றும் காணலாம். மலைத் தகைவிலானோ ஆலைக் கூரையையும் கட்டடத் தாழ்வாரத்தையும் தனதாக்கிக்கொண்டது.

புல்லைப் பற்றிப் பேசுகையிற் களையைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. கோப்பிக் காலந்தொட்டுத் தோட்டக்காரர் கொண்டிருந்த கொள்கை, மண்ணிற் புல்லே காணாதபடி சுரண்டியாற் சுரண்டிவிடுவது. அதனால் மலையின் மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. எத்தனை ஆண்டுக்கால மக்கு அவ்வாறு இழக்கப்பட்டதென்பதைக் கலங்கியோடும் ஓயாக்களே காட்டும். அடுத்து வந்தது களைநாசினி. 2015இல் கிளைபோசேட்டுக்கு விதிக்கப்பட்ட தடை 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. அத்தடை பற்றிய விவாதம் முழுவதும் விளைச்சல், கூலிச்செலவு, சிறுநீரக நோய் ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்ந்தது. முதலில் நிற்கவேண்டியவை அவைதாம். ஆனால் தேயிலை நிரையிடைப் பூண்டையும் அதன் பூச்சியையும் நம்பி வாழும் உயிர்களைக் குறித்து எவரும் வாய்திறந்திலர்.

இதிலே நகைப்புக்கிடமான ஒன்றும் உண்டு. 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், மூத்த தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன் நிலத்திற் குவாட்டமாலாப் புல்லையோ மானாவையோ 18 முதல் 24 மாதம் வரை வளர்த்து மண்ணை ஆற்றவேண்டும் எனப் பரிந்துரைத்து வந்துள்ளது. நூறாண்டாகப் புல்லைப் பகையென்று துரத்திய தோட்டம், மண் சோர்ந்தபோது புல்லிடமே மருந்து கேட்கிறது. ‘தரிசு’ எனப் பழிக்கப்பட்ட பத்தனையின் மானா, தேயிலைக்கு உயிர்கொடுக்கும் செவிலியாகிறது. இப்புல் நிற்கும் மலை ஒவ்வொன்றும் ஈராண்டுக்காலப் பத்தனையே. அதனை எந்த மாதத்தில் அறுத்து மண்ணுக்கு மூடாக்காக இடுகிறோம் என்பதைப் பொறுத்தே அங்குக் கதிர்க்குருவி குஞ்சு பொரிப்பதும் பொரியாததும் அமையும்.

அறுக்கும் காலம் இத்துணைப் பொருளுடையதா என ஐயுறுவார்க்குப் பிறநாட்டு அனுபவம் விடை தரும். வட அமெரிக்காவில் 1970க்குப் பின் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துபோயின என 2019இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. அவற்றுள் மிகுதியாக நலிந்த கூட்டம் புல்நிலப் பறவைகளே. அவை பாதிக்குமேல் அற்றுவிட்டன. புல்வெளி உழுநிலமானதும், பூச்சிநாசினியும், வைக்கோற்புல்லைக் குஞ்சு பறக்குமுன்னரே அறுப்பதும் அங்குக் கூறப்படும் காரணங்கள். நமக்கு இன்னும் அணித்தான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலே உண்டு. பழனிமலையின் உயர்நிலப் புல்வெளிகள் நாற்பதாண்டில் மூன்றில் இரு பங்கு அழிந்து மரத்தோப்பும் விளைநிலமும் ஆயின என்று 2018இற் காட்டப்பட்டது. நீலகிரியிலும் அதுவே கதை. அவ்வுயர்நிலப் புல்லையன்றி வேறெங்கும் வாழாத நீலகிரி நெட்டைக்காலி இன்று ஒடுங்கி வருகிறது. அங்கும் புல்வெளி ‘தரிசு’ என்றே பதியப்பட்டது; அங்கும் மரம் நடுதல் அறமெனக் கொள்ளப்பட்டது.

இலங்கையிற் காடுகள் பெற்ற கவனத்தைக் குறைகூறுவது என் கருத்தன்று. சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலையும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையிற் சேர்ந்தன. பொகவந்தலாவை இவற்றுள் முன்னிரண்டுக்கும் இடையே கிடக்கும் பள்ளத்தாக்கு. காட்டுயிர் இவ்வழியே இரவில் நடமாடும் என்பதைக் கொட்டியாகலைத் தோட்டத்தின் பெயரே சொல்லும். ‘கொட்டியா’ சிங்களத்திற் புலியையும் சிறுத்தையையும் குறிப்பது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியிற் சிக்கி இறந்தபோது நாடெங்கும் பேசப்பட்டது; பேசப்பட வேண்டியதே. ஆனால் அத்தகைய கண்ணிகள் இடப்படுவது பெரும்பாலும் தேயிலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட புதர்விளிம்புகளில், காட்டுப்பன்றிக்காக. தரிசென ஒதுக்கப்பட்ட அவ்விளிம்பே சிறுத்தைக்கு வழியும், முயலுக்கு மறைவும், கதிர்க்குருவிக்குக் கூடும் ஆவது. பயிரைக் காக்க வேறு வழியற்ற குடும்பத்தைப் பழிப்பது எளிது. அவ்விளிம்பு யாருடையது, யார் பொறுப்பிலுள்ளது என்பதைக் கேட்பது கடினம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தமும், 1992இல் தோட்ட முகாமை கம்பனிகளிடம் கைமாறியதும் இக்கேள்வியைத் தீர்க்கவில்லை.

இத்துறையில் நம் மாணவர் செய்யத்தக்க பணி பெருஞ்செலவை வேண்டுவதன்று. தோட்டங்கள் ஒவ்வொரு மலைக்கும் நடுகை ஆண்டையும் கவ்வாத்து மாதத்தையும் குறித்து வைப்பது வழக்கம். குவாட்டமாலா இட்ட நாளும் அறுத்த நாளும் அக்குறிப்புகளில் இருக்கும். இவற்றோடு பறவை கூடுகட்டும் மாதங்களை ஒப்பிட ஈராண்டு போதும். புல்லறுக்கச் சென்ற முதியோரிடம் பறவைப் பெயர்களைக் கேட்டெழுதுவதையும் உடன் செய்தல் நன்று. அப்பெயர்களில் எவை தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தன, எவை இங்குப் பிறந்தன என்பது தனியாராய்ச்சிக்குரியது. பொகவந்தலாவையில் இதற்கு எடுத்துக்கொள்ளத்தக்கவை: கவ்வாத்து வெட்டிய ஒரு மலை, குவாட்டமாலா நிற்கும் ஒரு மலை, கைவிடப்பட்டு மானா ஏறிய ஒரு மலை, கெஹெல்கமு ஓயாவின் கரையில் மாடு மேயும் ஒரு துண்டு. நான்கும் ஒரு காலை நடையில் அடங்கும்.